மிசின் லைற் எரியுதோ?

உங்களுக்கும் அந்தக் கோடை நினைவிருக்கும். சண்டை நின்று, யாழ்ப்பாணத்துக்குப் பாதை திறந்த வருஷம். மொன்ட்ரியாலின் பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் சூட்கேஸை நிறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போக முடியாதவர்கள், போகிறவர்களிடம் ஒழுங்கை ஒழுங்கையாக வழி கீறிக் கொடுத்து, “வீடு நிண்டா ஒரு படம் எடுத்துக்கொண்டு வாங்கோ” என்றார்கள். நமக்கு அப்போது பத்து, பதினொன்று. இப்போது முப்பதைத் தாண்டிவிட்டோம். முதுகு பிடித்துக்கொண்டது என்று ஒருவருக்கொருவர் செய்தி அனுப்புகிறோம். ஆனாலும் கேட்கிறேன், அந்தக் கோடையில் நீங்கள் எதில் பைத்தியமாக இருந்தீர்கள்? உங்களில் பாதிப் பேர் ஹொக்கி வீரர்களின் பட அட்டை என்பீர்கள். எனக்குப் பைத்தியம் ஒரு துறைமுகப் பட்டினம். போலந்தின் வடக்கில், கடலோரம். பெயர் கிடான்ஸ்க்.

சிரிக்காதீர்கள். அது ஒரு தேத்தண்ணிக் கோப்பையில் தொடங்கியது.

அம்மா நகரின் வடக்கே, தையல் தொழிற்சாலைகள் வரிசையாக நின்ற தெருவில் வேலை செய்தார். ஆஸ்பத்திரிக்காரர் போடும் வெள்ளை மேலங்கிகள் தைக்கிற இடம். அம்மாவின் மிசினுக்குப் பக்கத்து மிசினில் போலந்து அன்ரி. நாற்பது வயதைத் தாண்டியவர், அகன்ற தோள், காதோரம் எப்போதும் ஒரு நூல் ஒட்டியிருக்கும். அம்மாவுக்குப் பிரெஞ்சு கொஞ்சம், அன்ரிக்குக் கொஞ்சம். இருவருக்கும் தெரிந்த கொஞ்சங்கள் வேறுவேறு. ஆனாலும் எட்டு மணி நேரம் கதைத்துக்கொண்டுதான் தைப்பார்கள் என்று கீழ்வீட்டு அன்ரி சொல்லுவா. அவவும் அங்கேதான் வேலை.

ஒரு சனிக்கிழமை போலந்து அன்ரி வீட்டுக்கு வந்தார். அம்மா நல்ல கோப்பை எடுத்துத் தேத்தண்ணி கொடுத்தார். அன்ரி குடித்து முடித்ததும் கோப்பையைத் தலைகீழாகப் பிடித்து அடியைப் பார்த்தார்.

அம்மாவின் முகம் மாறிவிட்டது. என்னிடம் தமிழில், சிரித்தபடியே சொன்னார்: “பாத்தியே, கழுவின கோப்பையோ எண்டு பாக்கிறாள்.”

நான் அதை மொழிபெயர்க்கவில்லை. ஏன் பார்க்கிறீர்கள் என்று மட்டும் கேட்டேன். அன்ரி சிவந்துபோனார். அவருடைய பிரெஞ்சு சொற்களை ஒவ்வொன்றாக மேசையில் வைப்பது போல இருக்கும். அதைத் திருத்தாமலே தருகிறேன்.

“பழக்கம். என் வீட்டில் கோப்பைகளுக்கு அடியில் வேறு ஆட்களின் பெயர். ஜெர்மன் பெயர். போர் முடிந்தது. என் அப்பா, அம்மா கிழக்கிலிருந்து ரயிலில் வந்தார்கள். அவர்களின் ஊர் இனி வேறு நாடு. கிடான்ஸ்கில் அவர்களுக்கு ஒரு வீடு கொடுத்தார்கள். அலுமாரியில் கோப்பைகள் இருந்தன. கட்டிலில் போர்வை இருந்தது. முன்பு இருந்தவர்கள் ஓடிப்போயிருந்தார்கள்.”

நான் தமிழில் சொன்னேன். அம்மா சிரிப்பை விட்டுவிட்டார்.

“எத்தினை வருசம் அந்தக் கோப்பையில குடிச்சவையாம், கேள்.”

“இப்பவும்,” என்றார் அன்ரி. “என் அக்காவிடம் இருக்கின்றன. இரண்டு உடைந்துவிட்டன.”

அம்மா கோப்பையை வாங்கி, தானும் அடியைப் பார்த்தார். சீனாவில் செய்தது என்று எழுதியிருந்தது. “ஊரில விட்ட எங்கட கோப்பையில ஆர் குடிக்கினமோ,” என்றார் பொதுவாக. அதையும் நான் மொழிபெயர்க்கவில்லை. அன்ரி கேட்கவும் இல்லை.

பட்டினம் அப்படியே நிற்க ஆட்கள் மட்டும் மாறிப்போகலாம் என்பது எனக்குப் புதிது. திங்கட்கிழமை நூலகத்துக்கு ஓடினேன். ஒரு பெரிய பிரெஞ்சுப் புத்தகம் கிடைத்தது, கறுப்பு வெள்ளைப் படங்களோடு. மூன்று வாரத்துக்கு எடுத்தேன். (அது இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. நூலகத்தில் வேலை செய்கிற நம்மவர் யாராவது இதை வாசித்தால், வாசிக்காத மாதிரி இருந்துவிடவும்.)

அந்தப் புத்தகத்தை ஒரு துப்பறிவாளர் போல வாசித்தேன். முதலில் தபால் கந்தோர். இரண்டாம் உலகப் போர் தொடங்கிய முதல் நாள், போலந்துத் தபால்காரர்கள் தங்கள் கந்தோருக்குள்ளே கதவைப் பூட்டிக்கொண்டு நாள் முழுக்க எதிர்த்து நிற்கிறார்கள். ஜெர்மன்காரர் கட்டடத்துக்குத் தீ வைக்கிறார்கள். சரணடைந்தவர்களையும் பிறகு சுட்டுவிட்டார்கள். பல வருடம் கழித்து, கப்பல் கட்டும் தளம். சாப்பாட்டு விலை ஏறியது என்று தொழிலாளர்கள் தெருவுக்கு ஊர்வலமாக வருகிறார்கள். இராணுவம் சுடுகிறது. அதற்குப் பத்து வருடம் கழித்து அதே தளம். பாரந்தூக்கி ஓட்டுகிற ஒரு பெண்ணை வேலையிலிருந்து நிறுத்துகிறார்கள். இந்த முறை ஒருவரும் தெருவுக்குப் போகவில்லை. வாசல் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே இருந்துவிடுகிறார்கள். கம்பிக் கதவு முழுக்கப் பூ. வெளியே நிற்கிற சனம் கம்பிக்கு இடையால் பேக்கரிப் பாண் கொடுக்கிறது. அரசாங்கம் இறங்கி வந்து கதைக்கிறது.

எனக்குக் கணக்குப் பிடிபடவில்லை. உள்ளே இருந்தவர்களும் செத்தார்கள், வெளியே போனவர்களும் செத்தார்கள், பிறகு உள்ளே இருந்தவர்கள் வென்றார்கள். எது சரி? அப்பாவிடம் கேட்டேன்.

“வெளிக்கிட்டு ஓடுறதுதான் சரி,” என்றார் அப்பா. “அதாலதான் நீ இஞ்ச இருந்து கேள்வி கேக்கிறாய்.”

அடுத்த சனிக்கிழமை போலந்து அன்ரியிடம் புத்தகத்தைக் காட்டி, அந்த வாசல் படத்தில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் இருபது வயதில் அந்தத் தளத்தின் சாமான் அறையில் கையுறையும் தொப்பியும் எடுத்துக் கொடுக்கிற வேலை செய்தவர் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தார். அன்ரி படத்தை நெடுநேரம் பார்த்தார். “படத்தில் இல்லை,” என்று சொல்லிப் புத்தகத்தை மூடி, மேசையின் மறுபக்கம் தள்ளி வைத்தார். அடக்கம் என்று நினைத்தேன். வீரர்கள் அப்படித்தான் சொல்லுவார்கள் என்று எனக்கு ஒரு எண்ணம்.

ஆடி மாதம் வெயில் ஏறியது. மொன்ட்ரியால் வெயில் உங்களுக்குத் தெரியும். சுடுதண்ணியில் துணியை நனைத்துப் பிழிந்து மேலே போட்ட மாதிரி. தொழிற்சாலையில் ஜன்னல்களை இறுக்கித் திருகாணி பூட்டியிருந்தார்கள், வெள்ளைத் துணியில் தெருப் புழுதி படக்கூடாதாம். பின்னால் வரிசையாக அயன் பண்ணுகிற மிசின்கள் ஆவி கக்கும். ஒரு ஹெயிட்டிக்காரப் பெண் தைத்துக்கொண்டிருந்தபடியே சரிந்து விழுந்தார். அம்மா எழுந்து போய், கத்தரிக்கோல் முனையால் தன் மிசினுக்குப் பக்கத்து ஜன்னலின் ஆணிகளைத் திருகிக் கழற்றினார். ஆறு ஆணி. காற்று வந்தது. காற்றோடு புழுதியும் வந்து ஒரு கட்டு மேலங்கியில் படிந்தது. முதலாளி வந்து பார்த்தார். அம்மாவை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார், திரும்பி வர வேண்டாம் என்று. ஜன்னலுக்கு மறுபடி ஆணி பூட்டினார்கள்.

அம்மா கத்தரிக்கோலைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கரண்டிகள் கிடக்கிற சமையலறை இலாச்சிக்குள் வைத்தார்.

“உனக்கேன் உந்த வேலை?” என்றார் அப்பா. “நாங்கள் வந்த ஆக்கள். வாயைப் பொத்திக்கொண்டு இருக்கோணும்.”

“வாயைப் பொத்திக்கொண்டுதான் இருந்தனான். ஜன்னலைத்தானே திறந்தனான்.”

சனிக்கிழமை போலந்து அன்ரி வந்தார், கசகசா அரைத்துச் சுருட்டிய ஒரு கேக்கோடு. வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் மிசின் மிசினாகப் போய்க் கேட்டிருந்தாராம். முப்பது பேருக்கு மேல். எல்லோரும் சம்மதம். திங்கட்கிழமை வேலை நிறுத்தம், அம்மாவைத் திரும்ப எடுக்கும்வரை.

“எனக்காகவோ?” என்று அம்மா இரண்டு தரம் கேட்டார்.

“எங்கள் ஊரிலும் ஒரு பெண்ணுக்காகத்தான் தொடங்கியது,” என்றார் அன்ரி.

எனக்குப் புத்தகத்துக்குள் இருந்து ஒரு பக்கம் எழுந்து எங்கள் சமையலறைக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது. அம்மா தமிழ் ஆட்கள் எல்லோருக்கும் ஃபோன் எடுத்தார். எல்லோரும் “ஓம், ஓம்” என்றார்கள். வேலை நிறுத்தம் என்றால் என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தானே.

இங்கேதான் பிழை நேர்ந்தது.

திங்கட்கிழமை காலை. யாழ்ப்பாணத்தில் ஹர்த்தால் என்றால் எப்படி? கடை பூட்டு, தெரு வெறிச்சு, அவரவர் வீட்டுக்குள்ளே. எங்கள் ஆட்கள் அப்படியே செய்தார்கள். பதினாலு தமிழ்ப் பெண்கள் பார்க் எக்ஸ்டென்ஷனில் திரைச்சீலையை இழுத்துவிட்டு வீட்டில் இருந்தார்கள். அம்மா டிவியைக்கூடப் போட விடவில்லை. கீழ்வீட்டு அன்ரி எங்கள் வீட்டுக்கு வந்து ரொட்டிக்குத் தேங்காய் துருவினா. “நல்ல ஸ்ட்ரைக்,” என்றா. “இப்பிடியெண்டா நான் மாசம் ஒண்டு செய்வன்.”

ஒன்பது மணிக்குத் தொலைபேசி. தொழிற்சாலையில் அயன் பண்ணுகிற அண்ணை. அவர் அந்தத் தெருவிலேயே குடியிருந்தபடியால் எட்டிப் பார்க்கப் போயிருக்கிறார்; எதிரே இருந்த டெப்பனர் கடை வாசலில், காசு போடுகிற ஃபோனில் கூப்பிட்டார். குரல் பெரிது, எங்களுக்கும் கேட்டது.

“அக்கா, மற்றச் சனமெல்லாம் வெளியில, நடைபாதையில நிக்குது. கியூபெக்காரர், ஹெயிட்டிக்காரர் எல்லாரும். உங்கட போலந்துக்காரி மட்டும் உள்ளுக்குப் போயிட்டா. மேல மிசினில இருக்கிறா. ஜன்னலுக்கால தெரியுது. சனம் கூ அடிக்குது.”

அம்மா சுவரில் சாய்ந்தார்.

“மிசினிலயோ?”

“ஓமக்கா. தன்ர இடத்தில. காலமை முதலாளி கதவு திறக்க, முதல் ஆளா உள்ளுக்குப் போனவவாம்.”

“பாருங்கோவன்,” என்றா கீழ்வீட்டு அன்ரி, தேங்காயை விடாமல். “கேக்கும் தந்து, ஸ்ட்ரைக் எண்டும் சொல்லிப்போட்டு, தான் போய்த் தைக்கிறாள். கோப்பையைத் திருப்பிப் பாத்த அண்டே எனக்கு விளங்கினது.”

“நீங்கள் அண்டைக்கு இஞ்ச இல்லையே,” என்றேன்.

“கேள்விப்பட்டனான்.”

அப்பாவின் முகத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது. இப்போது யோசித்தால் அது சந்தோஷம் இல்லை, நிம்மதி என்று படுகிறது. அம்மா இனி எங்கேயும் போய் மாட்டமாட்டார் என்ற நிம்மதி.

நான் அறைக்கு ஓடிப் புத்தகத்தைக் கொண்டுவந்தேன். உள்ளே தரையில் தொழிலாளர்கள் குந்தியிருக்கிற படம்.

“அம்மா, அவ தைக்கேல்லை. அவையின்ர ஊரில இப்பிடித்தான். வெளியில போனா சுடுவாங்கள். அதால உள்ளுக்குப் போய் அவரவர் இடத்தில இருக்கிறது. அதுதான் அவையின்ர ஸ்ட்ரைக்.”

“உனக்கு என்னெண்டு தெரியும்?”

“இதில கிடக்கு.”

“புத்தகத்தில கிடக்காம்,” என்றார் அப்பா. “இது மொன்ட்ரியால். இஞ்ச ஆர் சுடுறது?”

அம்மா படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அப்பாவைப் பார்க்கவில்லை. பிறகு தொலைபேசியில் ஒன்று கேட்டார். ஒரு தையல்காரிக்கு மட்டும்தான் கேட்கத் தோன்றும்.

“தம்பி, அவளின்ர மிசின் லைற் எரியுதோ?”

“விளங்கேல்லையக்கா.”

“மிசின்ர தலையில சின்ன லைற் ஒண்டு இருக்கெல்லோ. அது இல்லாமல் வெள்ளைத் துணியில வெள்ளை நூல் ஓடேலாது. எரியுதோ எண்டு பாத்துச் சொல்லும்.”

அவர் ரிசீவரைத் தொங்கவிட்டுப் போனார். தொலைபேசிக்குள் தெருவின் சத்தம் கேட்டது. கூ என்ற சத்தமும். நாங்கள் நால்வரும் அந்தச் சின்னக் கறுப்புத் துளைகளைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

“அக்கா, இல்லை. லைற் இல்லை. கையை மடியில வைச்சுக்கொண்டு சும்மா இருக்கிறா.”

அம்மா தொலைபேசியை வைத்துவிட்டு இலாச்சியைத் திறந்து கத்தரிக்கோலை எடுத்துக் கைப்பையில் போட்டார். “பிள்ளை, சப்பாத்தைப் போடு. எனக்குக் கதைக்க நீ வேணும்.” கீழ்வீட்டு அன்ரியிடம், “மற்ற ஆக்களுக்கு ஃபோன் எடுங்கோ. ரொட்டியையும் கொண்டு வரச் சொல்லுங்கோ,” என்றார்.

“அங்கயோ? ஹர்த்தால் எண்டு சொல்லிப்போட்டு?”

“அங்கதான்.”

பஸ்ஸில் கால்மணி நேரம். நான் பேசிக்கொண்டே வந்தேன், தபால் கந்தோரைப் பற்றி. அதில் எல்லோரும் செத்ததைச் சொல்லும்போதுதான், இப்போது அதைச் சொல்லியிருக்கக்கூடாதோ என்று பட்டது.

முன்வாசலில் கங்காணி நின்றார். அயன் பண்ணுகிற அண்ணை சாமான் ஏற்றுகிற பின்கதவால் எங்களைக் கூட்டிப்போனார். இரண்டாம் மாடி. அவ்வளவு பெரிய அறையை நான் அதுவரை பார்த்ததில்லை. நாற்பது மிசின், நாற்பது கதிரை, எங்கும் வெள்ளைத் துண்டுத் துணி. சூடான எண்ணெய் மணம். ஜன்னலோரம் போலந்து அன்ரி தனியே, நேராக, தேவாலயத்தில் இருக்கிற மாதிரி. கண் சிவந்திருந்தது. எங்களைக் கண்டதும் எழும்பவில்லை.

அம்மா போய்த் தன் மிசினில் இருந்தார். லைற்றைப் போடவில்லை. கையை மடியில் வைத்தார்.

“ஏன் தனிய இருக்கிறாய் எண்டு கேள்.”

கேட்டேன். கேட்டதோடு நிற்காமல் நானாகச் சேர்த்தேன்: “உங்கள் ஊரில் நீங்கள் உள்ளே இருந்த மாதிரித்தானே?”

அன்ரி தலையாட்டினார், இல்லை என்று.

“நான் உள்ளே இருக்கவில்லை. மூன்றாம் நாள் தளத்து இயக்குநர் சொன்னார், அந்தப் பெண்ணைத் திரும்ப எடுக்கிறோம், சம்பளம் கூட்டுகிறோம். எல்லோரும் சந்தோஷம். வீட்டுக்குப் போகத் தொடங்கினோம். வாசலில் சில பெண்கள் நின்று கத்தினார்கள்: போகாதீர்கள், மற்றத் தொழிற்சாலைக்காரர்களுக்கு இன்னும் ஒன்றும் கிடைக்கவில்லை, நாங்கள் போனால் அவர்களை நசுக்கிவிடுவார்கள். நான் கேட்டேன். கேட்டும் போனேன். எனக்கு வீட்டுக்குப் போய்த் தலை முழுக வேண்டும் போல இருந்தது. மூன்று நாள் அழுக்கு. அடுத்த நாள் வந்தேன். கதவு பூட்டு. உள்ளே விடவில்லை. மிச்ச நாளெல்லாம் வெளியே நின்று பாண் கொடுத்தேன். இந்த முறை உள்ளேதான் இருப்பேன்.”

நான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். என் புத்தகம், என் வீராங்கனை, எல்லாம் ஒன்றோடொன்று இடிபட்டன. தலை முழுகப் போனாராம். அம்மாவோ அதைக் கேட்டு ஒரு தரம் சிரித்தார். ஏளனம் இல்லை, மூன்று நாள் அழுக்கு என்றால் என்ன என்று தெரிந்தவரின் சிரிப்பு.

அம்மா எழுந்து ஜன்னலடியில் நின்றார். கீழே கூ அடித்த சனம், எந்தப் பெண்ணுக்காகத் தெருவில் நின்றதோ அதே பெண்ணை மேலே கண்டது. அம்மா தன் மிசின் லைற்றை ஒருதரம் போட்டுக் காட்டி, அணைத்தார். தையல்காரர்களுக்கு அது போதும். முதலில் மயங்கி விழுந்த ஹெயிட்டிக்காரப் பெண் பின்படியால் ஏறி வந்தார். பிறகு இருவர், பிறகு கூட்டமாக. வந்தவர்கள் போலந்து அன்ரியைக் கடந்து போகும்போது ஒவ்வொருவராகத் தோளைத் தொட்டார்கள். மத்தியானம் எங்கள் மற்றப் பதின்மூன்று பேரும் ரொட்டியும் சம்பலுமாக வந்து சேர்ந்தார்கள். முப்பத்தெட்டு மிசின், முப்பத்தெட்டு அணைந்த லைற். நான் இரண்டு தரம் எண்ணினேன்.

பின்னேரம் மூன்று மணிக்கு முதலாளி வந்தார். தைத்த மேலங்கிகளை ஏற்ற வந்த லொறி கீழே காத்து நின்றது. அம்மாவைச் சுட்டிக் காட்டி, நாளைக்கு இவர் வேலைக்கு வரலாம், இப்போது எல்லோரும் எழுந்து வேலையைத் தொடங்குங்கள் என்றார். கைதட்டல். கீழ்வீட்டு அன்ரி என்னைக் கட்டிப்பிடித்தா. லைற்றுகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின.

போலந்து அன்ரியின் லைற் எரியவில்லை. அவர் ஜன்னல் ஆணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மாவின் கை சுவிட்சில் இருந்தது. அம்மாவுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. வேலை இல்லாவிட்டால் எங்களுக்கு வாடகைக்கு வழி இல்லை என்பது பதினொரு வயது எனக்கே தெரியும். கங்காணி அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா போடட்டும், முடியட்டும் என்று நானும் நினைத்தேன். ஒப்புக்கொள்கிறேன். எனக்கும் பசித்தது.

அம்மா கையை எடுத்து மடியில் வைத்தார்.

“சொல்லு பிள்ளை,” என்றார். “ஜன்னலையும் திறக்கச் சொல்லு.”

சொன்னேன். என் குரல் அந்தப் பெரிய அறையில் எலிக்குஞ்சின் குரல் மாதிரி வந்தது. யாரோ சிரித்தார்கள். பிறகு, எரிந்த லைற்றுகள் எரிந்த ஒழுங்கிலேயே அணைந்தன. கடைசியாகக் கீழ்வீட்டு அன்ரியுடையது; அவ ஒரு பெருமூச்சு விட்டுத்தான் அணைத்தா.

ஒரு மணி நேரம் கழித்துக் கங்காணி திருப்புளி தேடி வந்தார். கிடைக்கவில்லை. அம்மா கைப்பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து நீட்டினார். அவர் அதை வாங்கி, ஒவ்வொரு ஜன்னலாக, ஆறு ஆறு ஆணியாகக் கழற்றினார். வெள்ளைத் துண்டுகள் தரையில் ஓடின. ஒருவரும் கைதட்டவில்லை. எல்லோரும் முகத்தைக் காற்றுக்குக் காட்டிக்கொண்டு இருந்தார்கள்.

அந்தத் தொழிற்சாலை சில வருடத்தில் மூடிவிட்டது. வேலையெல்லாம் வேறு நாட்டுக்குப் போனது. போலந்து அன்ரி மகளோடு மேற்கே குடிபெயர்ந்தார். கத்தரிக்கோல் கங்காணியிடமிருந்து திரும்பி வரவேயில்லை. அம்மா இன்றைக்கும் அதைப் பற்றிக் கேட்பார், நான்தான் கொண்டுபோய்க் கொடுத்த மாதிரி.

போன வருஷம் நான் கிடான்ஸ்குக்குப் போனேன். அந்த வாசல் அப்படியே இருக்கிறது, பூவும் இருக்கிறது. வந்தவர்கள் எல்லோரும் உள்ளே போய் நின்று படம் எடுக்கிறார்கள். நானும் உள்ளே நின்று அம்மாவுக்கு வீடியோவில் காட்டினேன்.

“அவள் நிண்டது எந்த இடத்தில?” என்றார் அம்மா.

“அவ வெளியிலயெல்லோ நிண்டவ.”

“அப்ப நீ ஏன் உள்ளுக்கு நிக்கிறாய்? வெளியில போ.”

போனேன். கம்பிக்கு வெளியே, தெருப்பக்கம். அங்கே படம் எடுக்க ஒருவரும் இல்லை. கம்பிகளுக்கு இடையில் கையை விட்டுப் பார்த்தேன். ஒரு முழுப் பாண் போகாது. பாதியாக வெட்டித்தான் கொடுத்திருக்க வேண்டும்.